பல்லக்கில் போன வட்டு

வெண்கோட்டு நாடாளும் பெருமான், ஏழு அணைகளின் காவலர், வேந்தர் சேந்தன் வழுதியார் ஆணையைத் தலைமேற்கொண்டு, அரச கண்காணி அமைச்சன் மருதன் பொறையன் விடுக்கும் ஓலை. தென்கரை மண்டலத்தின் நாயகரும், பொற்பூ மும்முறை பெற்றவரும், தம் பெயரைத் தாமே நான்கு மண்டபங்களில் பொறித்துக்கொண்டவருமான அதிரன் கோளரியார் காண்க. உமது ஆறு கரை நிறைய ஓடுக. உமது மக்கள் பசியறியாது வாழ்க. உமது நலத்தைப் பற்றி இவ்வோலையின் இறுதியில் எழுதுவோம்.

தலைநகரத்து ஆணைகள் கம்பிவழியே வந்து மண்டலங்களின் கணிமாடங்களில் வட்டுகளில் பதிவதே இந்நாட்டு வழக்கம். உமது கணிமாடம் இப்போது எதையும் வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. ஆகவே அருங்காட்சி மண்டபத்திலிருந்து எழுத்தாணி ஒன்றை இரவல் வாங்கி, பனையோலையில் எழுத வேண்டியதாயிற்று. உமது ஆட்சியின் பயனாக நாடு எவ்வளவு தூரம் பின்னே சென்றது என்பதற்கு இந்த ஓலையே சான்று.

யாம் நேரில் வந்து கண்டும் கேட்டும் அறிந்ததை எழுதுகிறோம். கொற்றவை விழாவில் முதல் மாலை மரியாதை நெய் வணிகருக்குப் போயிற்று என்று உப்பு வணிகர் வேங்கை மாறனார் சினந்தார். சினந்தவர், கணிமாடத்துக்குத் தாம் உபயமாக அளித்த வட்டைத் திருப்பித் தர வேண்டும் என்றார். அவ்வட்டின்மேல் அவர் பெயர் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டிருந்தது. உபயதாரர் பெயரை வட்டில் பொறிப்பது உமது மண்டலத்து மரபு. அத்தகடு காற்றுத் துளைகளை அடைத்து வட்டைக் கொதிக்கச் செய்வதும் மரபின் ஒரு பகுதி என்றே எல்லோரும் கருதி வந்திருக்கிறீர்கள்.

கணிமாடத்து நாயகி நீலங்கொற்றி தடுத்தார். நீர் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்திலிருந்து வட்டை உருவச் செய்தீர். சந்தனம் பூசி, மாலையிட்டு, பல்லக்கில் ஏற்றி, குடைபிடித்து, மேளத்தோடு உப்பு வணிகர் மாளிகைக்கு அனுப்பினீர். புறப்படுமுன் பாலால் நீராட்ட வேண்டும் என்று புரோகிதர் சொன்னபோது, நீலங்கொற்றி பாற்குடத்தைக் காலால் கவிழ்த்திருக்கிறார். அதனாலேயே இவ்வோலைக்கு இன்னும் பொருள் இருக்கிறது.

நீர் செய்தது என்ன என்பதை உமக்கு விளக்க வேண்டும் என்பது வேந்தர் விருப்பம். எமக்கு அந்த நம்பிக்கை இல்லை, ஆயினும் விளக்குகிறோம்.

உமது கணிமாடத்தில் ஆறு வட்டுகள் இருந்தன. முன்பு அவை தனித்தனியே நின்றன. ஒன்றில் இடம் தீர்ந்து ஏடுகள் திணறும்போது பக்கத்து வட்டு பாதி வெறுமையாய்க் கிடக்கும். அதை ஒழிக்கவே ஆறு வட்டுகளையும் ஒரே தொகுதியாக இணைத்தார்கள். இணைத்தபின் தொகுதி முழுவதும் சம அளவுத் துண்டங்களாக வகுக்கப்பட்டது. எந்தத் துறை இடம் கேட்டாலும், எந்த வட்டில் துண்டங்கள் காலியாக உள்ளனவோ அங்கிருந்து எடுத்து, அத்துறைக்கு ஓர் அறை கட்டித் தரப்படும். உள்ளே இருப்பவருக்கு அது இடைவெளியற்ற ஒரே வட்டாகத் தோன்றும். மெய்யில் அதன் ஒரு பகுதி முதல் வட்டிலும் மற்றொன்று நான்காம் வட்டிலும் கிடக்கும். எது எங்கே என்பதை இயந்திரம் அறியும். துறைகள் அறியத் தேவையில்லை. பின்னாளில் இடம் போதாவிட்டால் மேலும் துண்டங்களைச் சேர்த்து, அறையையும் அதனுள் ஏடுகளை அடுக்கும் முறையையும் நீட்டிக்கொள்ளலாம். அறிவுடையோர் இதனை வசதி என்பர்.

ஆகவே, வட்டின்மேல் ஒருவர் பெயர் இருப்பதனால் வட்டுக்குள் அவர் கணக்கு இருக்கும் என்று நினைத்தது முதல் மடமை. வேங்கை மாறனாரின் உப்புக் கணக்கில் ஒரு துண்டமும் அவ்வட்டில் இல்லை. அது முழுவதும் மற்ற வட்டுகளில் சுகமாக இருக்கிறது. அவ்வட்டில் பெரும்பகுதியாக இருந்தது கீழைக்கால் ஊர்களின் நீர்முறை அறை. எந்த ஊருக்கு எப்போது எவ்வளவு மதகு திறக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் உண்டு. அறையின் ஒரு பகுதி போனால் அறை முழுவதும் திறவாது. அறை திறவாததால் மதகும் திறக்கவில்லை.

தொகுதியிலிருந்து வட்டை நீக்கவே முடியாது என்று யாம் சொல்லவில்லை. முறைப்படி நீக்கலாம். அதிலுள்ள துண்டங்களை முதலில் மற்ற வட்டுகளுக்குப் பெயர்க்க வேண்டும்; பணி நடந்துகொண்டிருக்கும்போதே, ஒருவருக்கும் இடையூறின்றி, பெயர்க்கலாம். பெயர்த்து முடிந்தபின் வட்டைத் தொகுதியிலிருந்து பிரித்து, அதன்பின்னரே கையால் தொட வேண்டும். நீலங்கொற்றி உம்மிடம் கேட்டது அதற்கான ஒரு பகற்பொழுது. நல்ல நேரம் தப்பிவிடும் என்று நீர் மறுத்தீர்.

உமது நல்ல நேரத்தின் விளைவைக் கீழைக்கால் மதகடியில் கண்டோம். நாற்றங்கால்களில் நாற்று முற்றி மஞ்சளித்து நிற்கிறது. நடவுக்கு வயலில் நீர் இல்லை. மேலூராரும் கீழூராரும் மதகின் இருபுறமும் மண்வெட்டியோடு நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பொன்னியக்கி என்னும் உழவர் பெண் உமது சேவகனைக் கேட்டதைச் சொல் மாறாமல் எழுதுகிறோம். “ஏன்யா, உப்புக்காரரு வட்டோட எங்க தண்ணியையும் சேத்தா பல்லக்குல தூக்கிட்டுப் போனீங்க?” என்றாள். “எனக்கென்னம்மா தெரியும், நான் குடை புடிச்சவன்” என்றான் அவன். “குடை வேற புடிச்சீங்களா? இங்க வந்து புடி. அதப் பாத்தாவது மழை வருதான்னு பாப்போம்” என்றாள். அவ்விடத்தில் பகைத்து நின்ற இரு ஊராரும் ஒருமிக்கச் சிரித்தனர். உமது ஆட்சியில் அவர்கள் ஒன்றுபட்டதை யாம் கண்டது அப்போதுதான்.

அங்கிருந்து வேங்கை மாறனார் மாளிகைக்குச் சென்றோம். பெற்ற வட்டைத் தம் இயந்திரத்தில் இட்டுப் பார்த்தவர், வாசிக்கத் தகுந்த ஒன்றையும் காணவில்லை. தொகுதியிலிருந்து பிய்த்த துண்டங்கள் தனியே பேசுவதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? “நாயகரு எனக்கு வெத்து வட்டக் குடுத்து ஏமாத்திட்டாருங்க. பூசின சந்தனம் மட்டும்தான் அசல்” என்று எம்மிடமே முறையிட்டார். வெற்று வட்டு என்று எண்ணி, அதனைத் துடைத்துப் புதுக்கணக்கு எழுத ஆயத்தமாக இருந்தார். யாம் அதனைக் கைப்பற்றி, அரக்கு முத்திரையிட்டு, அவர் மாளிகையிலேயே காவல் வைத்திருக்கிறோம். அவர் முதல் மாலையைக் கேட்டு மறுபடியும் சினந்தால், அச்சினத்தைக் காவலர் கவனித்துக்கொள்வர்.

இனி உமது இரண்டாம் மடமை. வட்டைக் காணோம் என்று இயந்திரம் ஓயாது முறையிட, அவ்வோசை உமது உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது. காணாமற்போன வட்டின் பெயரையும், அதைச் சார்ந்து நிற்கும் அறைகளையும் தொகுதியிலிருந்து அடித்துவிடுக என்று நீலங்கொற்றிக்கு ஆணையிட்டீர். அடித்துவிட்டால் முறையீடு நிற்கும் என்பது உண்மை. அதன்பின் வட்டு திரும்பி வந்தாலும் அதைச் சேர்த்துக்கொள்ள அறை இராது. அவர் மறுத்தார், சிறையிட்டீர். சிறையில் அவரைக் கண்டபோது சொன்னார்: “பேர அடிச்சா வெளிய விட்டுருவாராம். அடிச்சா சத்தம் நிக்கும் சாமி. கீழைக்காலுக்குத் தண்ணியும் நிக்கும். நான் உள்ளயே கெடக்குறேன்.” மேற்கொண்டு உம்மைக் குறித்து அவர் சொன்ன சொல் ஒன்று உண்டு, அதனை ஓலை தாங்காது. அவர் நாவு கூரியது என்பதும், எம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பதும் மெய். கூரிய நாவுக்குச் சிறை என்று இந்நாட்டுச் சட்டத்தில் இல்லை.

அவருடைய இடத்தில் உமது மருகரை அமர்த்தியிருக்கிறீர். வட்டின் பெயரை அடிக்க அவர் அடுத்த நல்ல நேரத்துக்குக் காத்திருக்கிறார் என்று அறிந்தோம். நேரம் பார்க்கும் உமது வழக்கத்துக்கு முதன்முறையாக நன்றி சொல்கிறோம்.

ஏடுகளுக்கு நகலாகப் படி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டோம். பல வட்டுகளை இணைப்பது இடத்தைப் பெருக்குமே தவிரக் காப்பைப் பெருக்காது. ஒன்று வீழ்ந்தால் அதன்மேல் நின்ற அறைகளும் வீழும். ஆகையால் தொகுதிக்கு வெளியே தனி வட்டில் படி வேண்டும் என்று நீலங்கொற்றி முன்பே விண்ணப்பித்து, அதற்கென ஒரு வட்டும் தலைநகரிலிருந்து அனுப்பப்பட்டிருந்தது. அது உமது அவைமண்டபத்தில், உமது பெயர் பொறித்த பீடத்தில், வெள்ளிக் குடையின் கீழ் வீற்றிருக்கக் கண்டோம். அதன் உறையும் பிரிக்கப்படவில்லை.

ஆகவே வேந்தர் ஆணை இது. உமது மருகர் இவ்வோலை வாசிக்கப்படும் கணமே கணிமாடத்தை விட்டு வெளியேறுக. அவர் விரல் எந்த விசையையும் தீண்டற்க. நீலங்கொற்றி சிறைவிடப்பட்டுத் தம் பதவியில் அமர்க. அதன்பின் நீர் உப்பு வணிகர் மாளிகைக்கு நடந்து சென்று, எமது காவலரிடமிருந்து வட்டைப் பெற்று, இரு கைகளாலும் மார்போடு அணைத்து, வந்த தெரு வழியே கணிமாடத்துக்குக் கொண்டுவருக. பல்லக்கு இல்லை. குடை இல்லை. மேளம் உண்டு, அதே அடி அடிக்குமாறு மேளக்காரருக்குச் சொல்லியாயிற்று. வட்டை எந்தக் குழியில் பொருத்துவது என்று நீர் கவலைப்பட வேண்டா. இயந்திரம் ஒவ்வொரு வட்டையும் அதன் உள்ளே பதிந்த குறியால் அறியும். பித்தளைத் தகட்டை அது வாசிப்பதில்லை. தகடுகள் ஆறும் பெயர்க்கப்படுக. பீடத்து வட்டு இறக்கப்பட்டு, அறைகள் திறந்தவுடன் படி எடுக்கப்படுக.

உமது நலத்தைப் பற்றி இறுதியில் எழுதுவோம் என்றோம். நீர்முறை அறை திறந்து, ஏடு வாசிக்கப்பட்டு, கீழைக்கால் மதகில் நீர் புறப்படும் வரை நீர் மண்டல நாயகர் அல்லீர், வட்டு சுமப்பவர். மதகில் நீர் வந்ததா என்பதற்கு உமது சொல்லையோ, உமது புரோகிதர் சொல்லையோ ஏற்கமாட்டோம். வந்தது என்று பொன்னியக்கி சொல்ல வேண்டும்.

மதகும் சங்கும் பொறித்த அரக்கு முத்திரை, வேந்தர் முன்னிலையில் எம் கையால் இடப்பட்டது. ஓலை கொணர்ந்தவன் உமது மறுமொழிக்காக வாயிலில் நிற்கமாட்டான். அவன் கீழைக்கால் மதகடிக்குப் போய், அங்கே காத்திருப்பான்.