வேங்கிக்கால் டாக்டர்

கண்ணம்மா,

என்னைக் கவனிக்க வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னாய். அவசரப்படாதே. அரசுக் காப்பீட்டு அட்டையை ஏற்கும் சிறுநீரக டாக்டர் நம் ஊரை ஒட்டிய வேங்கிக்காலிலேயே கிடைத்துவிட்டார். இனி டயாலிசிஸுக்கு வேலூர் போக வேண்டாம்.

நேற்று அங்கே போனேன். வரவேற்பில் இருந்த பெண், "பேஷண்ட் எங்கேம்மா?" என்றாள்.

"நான்தான்."

உடனே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பௌர்ணமின்னா ரோட்டை அடைச்சிடுவாங்க, ஆட்டோ வராது. பரவால்லயா?"

"ஊரே மலையைச் சுத்தி நடக்குது. நான் இங்க வரைக்கும் நடக்க மாட்டேனா?"

"வாய் நல்லாவே வேலை செய்யுது உங்களுக்கு" என்று சிரித்தாள். "சரி, கூட யாரு வருவாங்க?"

உன் பெயர் வாய்வரை வந்தது. எதிர்வீட்டு அஸ்மத் அக்காவைச் சொன்னேன். அவரும் சம்மதித்துவிட்டார்.

பொங்கலுக்கு வா. பார்த்துக்கொள்ள வேண்டாம், பார்க்க வா.

உன்
அம்மா