ஏழாம் அத்தியாயத்தில் செத்துப்போனவன் எழுதுவது

ரூக்ஷார்,

காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது உன் முதல் நாவலைத் திருட்டுத்தனமாகப் படித்தேன். ஏழாம் அத்தியாயத்தில் என்னைக் கொன்றுவிட்டாயே! பெயரை மட்டும் மாற்றினால் போதுமா? ஜரிகைக் கடை, குறட்டை, ஸ்கூட்டர் நம்பர் எல்லாம் என்னுடையதுதானே?

செத்தது போகட்டும். என் நாற்பதாம் நாள் பிரியாணியில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறாய். கத்திரிக்காய்த் தொக்கையும் காணோம். அம்மா படித்தால், "எம் புள்ளைக்கு இப்பிடியாமா சோறு போடுவே?" என்று உன்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து பதினொரு மணிக்கு வருகிறார்கள். அதற்குள் தாள்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடு. சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது.

கத்திரிக்காய்த் தொக்கை நானே செய்து அடுப்பின் மேல் வைத்திருக்கிறேன். செத்தவன் சமையல், உப்பு மட்டும் பார்த்துக்கொள்.

வியாழக்கிழமை, "நீ நாவல் எழுதப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தேன். அந்த அத்தியாயத்தின் மேல் வெள்ளிக்கிழமைத் தேதி போட்டிருக்கிறாய். ஏன் செத்தேன் என்று புரிந்துவிட்டது.

வசீம்

பி.கு.: அவன் போன பிறகும் அவனுடைய அழுக்குச் சட்டையைத் துவைக்க மனமில்லாமல் அவள் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாளே, அந்த இடத்தில் நான் சிரிக்கவில்லை.