பங்காளி மரங்கள்

அப்பா,

நீங்கள் இருந்தவரை முகம் பார்த்துப் பேசாதவள் இப்போது எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் தோப்பில் பொறுக்கிய மாம்பிஞ்சுகள் மேசையில் கிடக்கின்றன. பட்டாணி அளவுதான். காம்பில் பால் இன்னும் காயவில்லை; அந்த வாசனைதான் எழுத வைத்தது.

பன்னிரண்டு சப்பட்டை மாமரங்களையும் ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக் கட்டினீர்கள். "ஒரு தாய்ப் பிள்ளைக, சண்டை வராது" என்பீர்கள். சுற்றிலும் தென்னந்தோப்புகள்தான். கிணற்றடி நாட்டு மாமரம் மட்டும் உங்களுக்கு ஆகாது, நார், புளிப்பு. நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போய்க் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது அதை வெட்டினீர்கள்.

அந்த மாதம்தான் வகுப்பில் படித்திருந்தேன். பல செடிகள் தம் மகரந்தத்தைத் தம்முடையதென்று கண்டுகொண்டு ஒதுக்கிவிடும். சில, பூவின் சூல்முடியிலேயே மறிக்கும். மாமரத்தில் சில வகைகள் உள்ளே விட்டு, பிஞ்சிலே உதிர்த்துவிடும். ஒரே தாயின் ஒட்டுமரங்கள் எத்தனை நின்றாலும் பூவுக்கு அது ஒரே மரம். இவ்வளவும் தெரிந்தவள் கோடரி விழும்போது சும்மா நின்றேன். நாலெழுத்துப் படித்த திமிர் என்று நினைப்பீர்களோ என்ற பயம்.

அதன்பின் பொறுக்கப் பொறுக்கப் பிஞ்சு; ஒன்றும் காயாகவில்லை. மருந்தடித்தீர்கள், உரத்தை மாற்றினீர்கள். மூன்றாம் வருடம்தான் வாய் திறந்தேன்.

"ஏட்டி, பூவுமா பங்காளி மொறை பாக்குது?"

"ஆமாப்பா. பன்னெண்டும் பங்காளிக. சம்பந்தம் பண்ண வெளியாள் வேணும்."

"இருந்த ஒரு சம்பந்தகாரனையும் நாந்தான் வெட்டிட்டேனாக்கும்." சிரித்தீர்கள். அந்த அடிக்கட்டையில் உட்கார்ந்து, "இதச் சொல்ல மூணு வருசமா ஒனக்கு?" என்றீர்கள். குரலில் கோபமே இல்லை.

அடுத்த பூவுக்கு நீங்கள் இல்லை.

நேற்று அண்ணன், "காய்க்காத மரத்துக்கு எதுக்குத் தண்ணி? வெட்டிப்புடுவோம்" என்றான். இந்த முறை நான் நாள் கடத்தவில்லை.

"மூணு பூ பொறுண்ணே. அப்பவும் காய்க்கலேன்னா நானே ஆள் கூட்டியாரேன்."

"நீ இம்புட்டுப் பேசுவியா?" என்றான். சரி என்றும் சொன்னான்.

கன்று வைத்தால் பல வருடம் ஆகும். அதனால் சாரல் தொடங்கியதும் கூமாப்பட்டியிலிருந்து நாட்டு மாங்கொப்பு கொண்டுவந்து, நிற்கிற மரம் ஒன்றிலேயே ஒட்டுக் கட்டப்போகிறேன். உங்கள் கையைப் பார்த்துப் பழகியது, பிசகாது. தோப்பின் நடுவில் நிற்கும், நீங்கள் முதன்முதல் ஒட்டுக் கட்டிய மரம்தான் தோது. ஈக்கள் அந்த நாட்டுப்பூவின் மகரந்தத்தோடு அங்கிருந்து எல்லா மரத்துக்கும் போய்வரும். ஆனால் அந்த மரத்தில் யாரும் கத்தி வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

ஒரு கிளை மட்டும் கொடுங்களேன், அப்பா.