திரும்பி வருகிற மூச்சு

டிசம்பர் 3, புதன்

காலையிலிருந்து மூட்டம். துணி காயவில்லை. லீவு போடலாமா என்று யோசித்து, யோசித்துக்கொண்டே ஆபீஸ் போய்விட்டேன்.

ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் முடிவாகிவிட்டது. பொங்கல் கழிந்த சனிக்கிழமை, காரமடைப் பக்கம் எங்கள் பழைய பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் கூடுகிறோம். பழைய டீம் பெண்கள் ஒரு ஆட்டம் கபடி. அப்புறம்தான் சாப்பாடு. இப்போதைய முப்பது செகண்டுக் கணக்கெல்லாம் கிடையாது, அந்தக் காலம் மாதிரியே. மூச்சு விட்டால் அவுட்.

அதற்குக் கீழே மேரி ஒரே வார்த்தை: "வாரேன்."

வால்பாறை எஸ்டேட் லைனிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்த மேரி. பக்கத்துப் பாய்க்காரி. தினமும் சாயங்காலம் எதிர்ப்பக்கம் நின்று என்னைப் பிடித்துப் பிடித்தே பழகியவள். ப்ளஸ் டூ முடிந்ததும் பஸ் ஏறினாள், அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு வீட்டிலும் ஃபோன் இல்லை, அப்புறம் கல்யாணம், அப்புறம் ஊர் மாற்றம். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவளைப் போல ஒருத்தி எனக்கு அதற்கப்புறம் கிடைக்கவில்லை.

மொட்டை மாடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து "கபடி கபடி" என்று பாடிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியைத் தொடுவதற்குள் மூச்சு தீர்ந்தது. கேவலம்.

இவரிடம் சொன்னேன். மூச்சுக்கென்றே இப்போது கோச் எல்லாம் இருக்கிறார்களாம், நல்ல ஆளாகப் பார்த்துச் சேர்ந்துகொள் என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டிசம்பர் 6, சனி

வாங்க வேண்டியது: கடலைப்பருப்பு, துணி சோப்பு, இவருக்கு இருமல் மருந்து, எனக்கு கேன்வாஸ் ஷூ.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு அம்மா, மூச்சுப் பயிற்சி பிரமாதமாகச் சொல்லித்தருவார் என்று ஆபீஸில் நம்பர் கொடுத்தார்கள். ஃபோனில் "பாடறப்ப மூச்சு பத்த மாட்டேங்குதுங்க" என்றேன். அதற்குத்தான் நான் இருக்கிறேன், வாருங்கள் என்றார். போனேன். எத்தனை வருஷமாகப் பாடுகிறீர்கள் என்று கேட்டார். ஸ்கூலில் பாடியதுதான், ஸ்டேட் வரைக்கும் போயிருக்கிறோம் என்றேன். தனியாகவா, குழுவாகவா? ஏழு பேர், ஆனால் ஒரு தடவைக்கு ஒருத்தர்தான் பாடிப்போக வேண்டும் என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே சுருதிப் பெட்டியை எடுத்து வைத்தார்.

அப்போதுதான் உறைத்தது. பாட்டு டீச்சர்! கபடியில் பாடுவது என்றுதானே நாங்கள் சொல்வோம்? சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நம்ம ஊர் வாய், அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டவரிடம் இல்லைங்க என்று சொல்ல வருமா? முழு வகுப்பும் "ஸா" பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். செருப்பு மாட்டிக்கொண்டே உண்மையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "என்ற மூச்சு உக்காந்து பாடற மூச்சுங்க. உங்குளுக்கு ஓடிப் பாடோணும். நான் ஆளு பாத்துச் சொல்றேனுங்க."

டிசம்பர் 11, வியாழன்

இரண்டாவது ஆள். நெஞ்சு டாக்டர் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் தம்பி. ஒரு குழாயில் ஊதச் சொன்னார், மூன்று பந்து போட்ட டப்பாவில் மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்கச் சொன்னார். படியேறினால் இளைக்கிறதா, படுத்தால் இருமல் வருகிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றேன். நுரையீரலில் ஒரு குறையும் இல்லை, என்னிடம் வருகிறவர்கள் வேறு என்று அனுப்பிவிட்டார். நெஞ்சு வலித்தாலோ மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ மட்டும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்.

நல்ல பையன். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது ஏமாற்றமாக இருந்தது. நோய் என்றால் மருந்து இருக்கும். ஒருத்தியைப் பார்க்க வேண்டும் போலவே இருப்பதற்கு என்ன மருந்து?

மேரிக்கு "எப்படி இருக்கற புள்ள?" என்று டைப் செய்தேன். அழித்தேன். மறுபடியும் செய்தேன், மறுபடியும் அழித்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

ஆன்லைன் மூ.ப. (மூச்சுப் பயிற்சி. ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுதக் கை வலிக்கிறது.) கண்ணை மூடி மெதுவாக இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்த இவர் மூன்றாவது இழுப்பில் குறட்டை. இவருக்கு ஏற்ற கோச் கிடைத்துவிட்டார்.

எனக்கு இல்லை. மனதில் இருப்பதையெல்லாம் மூச்சோடு வெளியே விட்டுவிடுங்கள் என்கிறார் அந்த ஆள். எதற்கு விட வேண்டும்? நான் என்ன அமைதியா கேட்டேன்?

டிசம்பர் 20, சனி

வெயில், அப்பாடா.

பாட்டு டீச்சர் சொன்னபடியே ஆள் பிடித்துவிட்டார். ரேவதி. காலேஜ் பெண்களுக்குக் கபடி கோச். மைதானத்தில் போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். இந்தப் பெண், மூச்சு எதற்கு என்று கேட்டது.

ஆட்டத்துக்கு என்றேன். ஜெயிக்கவா என்றது. யோசிக்காமல் இல்லை என்று வந்துவிட்டது வாயில். பின்னே எதற்கு என்று அது கேட்க, நான் மேரி கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். சிரிக்கவில்லை. மைதானத்து நடுக்கோட்டைக் காட்டியது. "போற மூச்சு எல்லார்த்துக்கும் இருக்குதுங்கக்கா. திரும்பி வார மூச்சுதான் நாம பழகோணும்."

கத்தக் கூடாது, முணுமுணுத்தால் போதும். பாதி தீரும்போதே திரும்பிவிட வேண்டும். முதலில் நடை, அப்புறம் ஓட்டம். இனி தேட வேண்டியதில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

மேரிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியிருந்தேன். "நன்றி. உங்களுக்கும்" என்று வந்திருக்கிறது. உங்களுக்கும்! எனக்கு ஏது கிறிஸ்துமஸ்? அது போகட்டும், அந்த 'ங்க' எங்கிருந்து வந்தது?

ஹாஸ்டலில் என் இடுப்பைக் கட்டிப் பிடித்து மண்ணில் அமுக்குவாள். நான் அப்படியே கிடந்து முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பேன். சாப்பாட்டு மணி அடித்துவிடும். காதோரம் குனிந்து சொல்வாள், "மூச்ச விட்டுப்போடு அம்மணி, சோறு ஆறுது." அம்மணி எங்கள் பக்கத்துப் பேச்சு. எங்களிடம் கற்றுக்கொண்டு எங்களையே கிண்டல் பண்ணுவாள்.

ஜனவரி 7, புதன்

ஓடிக்கொண்டே பாடி, தொட்டியைத் தொட்டுத் திரும்பியும் வந்துவிட்டேன்! கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, மந்திரம் ஏதாவது சொல்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஜனவரி 12, திங்கள்

குரூப்பில் மேரி: மாமியாருக்கு மேலுக்கு முடியவில்லை, வருவது சந்தேகம்.

மூ.ப. போகவில்லை. ரேவதி ஃபோன், எடுக்கவில்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் தானே எழுந்து போய் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். எப்போதும் இல்லாத அதிசயம்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் ஓய்ந்தது. கரும்பு கடித்து ஈறு புண். நாளைக்குப் போகத்தான் வேண்டுமா என்று இருக்கிறது. "இத்தன மூச்சும் புடிச்சு வெச்சு என்னுங்க பண்றது, போய்ட்டு வா" என்றார் இவர். எனக்கே 'ங்க' போட்டார், கேலிக்கு. ஷூவை எடுத்து வைத்தேன்.

ஜனவரி 17, சனி

வீட்டுக்கு வந்து குளிக்கவில்லை. முழங்கையில் மண். அப்படியே எழுதுகிறேன்.

வந்துவிட்டாள். எல்லோரும் வந்து, போட்டோ எடுத்து முடித்த பிறகு, கேட்டில் தனியாக. முன் நெற்றியில் நரை. மாமியாரை நாத்தனாரிடம் விட்டுவிட்டு விடியும் முன்னே மலை பஸ் பிடித்தாளாம். நான் ஓடினேன். கிட்டே போனதும் என் வாய் சொல்கிறது: "வாங்க." அவளும், "நல்லா இருக்கீங்களா?" என்றாள். இருபது வருஷமாக இந்த நிமிஷத்தை நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, பொண்ணு பார்க்க வந்த வீட்டார் மாதிரி இரண்டு பேரும் ங்க போட்டுக்கொண்டு நின்றோம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, சௌக்கியம். பஸ் கூட்டமா, கூட்டம்.

சீட்டுப் போட்டுப் பக்கம் பிரித்தார்கள். மேரி எதிர்ப்பக்கம்.

என் முறை. பாடிப் போனேன். ரேவதி சொன்னபடி முணுமுணுப்பு, பாதியில் திரும்பினேன். கோட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது பின்னாலிருந்து இடுப்பில் பிடி. பார்க்கத் தேவையே இல்லை, அந்தக் கை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் விழுந்தோம். கோடு கைக்கு எட்டும் தூரம். உள்ளே மூச்சு மிச்சம் நிறைய இருந்தது, கையை நீட்டினால் ஜெயம். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாம் நீட்டு நீட்டு என்று கத்துகிறார்கள்.

கையை மடக்கி வைத்துக்கொண்டேன். கோட்டைத் தொட்டால் ஜெயம், மூச்சு விட்டால் அவுட், எதுவானாலும் பிடியை விட்டுவிடுவாள்.

காதோரம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், ங்க இல்லாமல், "மூச்ச விட்டுப்போடு அம்மணி, சோறு ஆறுது."

நான் விடவில்லை. பாடிக்கொண்டே இருந்தேன்.