இணைப்பு மூன்று

ஜூன் 6

என் அருமைக் கொக்குக்கு,

உன் தவளை மறுபடியும் டீச்சர் ஆகிவிட்டாள்! உங்கள் நிர்வாகத்தின் இன்னொரு பள்ளியில்தான். ஏழாம் வகுப்புக்கு அறிவியல். வீட்டுக்காரரின் பட்டறை மூடியதிலிருந்து இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. நேற்று சிரித்தோம். ஆசிரியர் பிள்ளை என்பதால் மகளுக்கும் இங்கேயே இடம் கிடைத்துவிட்டது. புதுச் சீருடையைப் போட்டுக்கொண்டு, கழற்றவே மாட்டேன் என்று வீடு முழுக்க நடக்கிறாள்.

ஒப்பந்தம் அனுமார் வால் மாதிரி நீள்கிறது. வருடத்துக்கு இரண்டு மதிப்பீடு. எதில் தேறாவிட்டாலும் வேலை அத்தோடு சரி. ஆனால் மதிப்பிடுகிறவரை மூத்த ஆசிரியர் பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கலாமாம். பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தால் வேண்டாம் என்பேனா?

ஒரே ஒரு கெடுபிடி. இந்த வருடம் முழுக்க நாம் போனில் பேசக் கூடாது, தனியாகச் சந்திக்கக் கூடாது. தொடர்பெல்லாம் எழுத்தில், பள்ளிகளுக்கு இடையே போய்வரும் தபால் பையில்தான். இதைப் போய் ஒரு கட்டுப்பாடு என்று நினைக்கிறார்கள் பார்! பயிற்சிக் கல்லூரி விடுதியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டே கடிதம் எழுதிக்கொண்டவர்கள் நாம். தபால்தலைச் செலவும் மிச்சம்.

உன்
தவளை

ஜூன் 15

அன்புள்ள தவளைக்கு,

உனக்கு வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஏன்டி டிக் அடித்தாய்? மதிப்பிடுகிறவர்களுக்கும் தனியாக ஓர் ஒப்பந்தம் உண்டு. நேற்று அதில் கையெழுத்துப் போட்டேன். நான் எழுதும் மதிப்பீட்டில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று என்னை மதிப்பிட இன்னொருவர் இருக்கிறார். அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். இந்த வேலை இருந்தால்தான் அவருக்கு மருந்து.

உன் ஒப்பந்தத்தின் பின்னால் இணைப்பு மூன்று என்று ஒன்று இருக்கும். அதை இன்றைக்கே படி. படித்துவிட்டு எழுது. படிக்காமல் எழுதாதே.

அன்புடன்
கொக்கு

ஆகஸ்ட் 22

அடி கல்நெஞ்சக்காரி,

நேற்று என் வகுப்பில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாயே, ஒரு சிரிப்பு சிரித்தால் முத்தா உதிர்ந்துவிடும்? ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் போய்விட்டாய். "டீச்சர், அவங்க உங்க மேல கோவமா?" என்று முதல் பெஞ்சு வாண்டு கேட்டது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

பாடம் எப்படி? பிள்ளைகள் பதிலை மழையாகக் கொட்டினார்கள் இல்லையா? உன்னிடம் சொல்வதற்கென்ன, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மூன்று பேரையும் அந்த நேரத்துக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்க அனுப்பிவிட்டேன். பயம்டி. மகள் சீருடையோடு கண்முன் நின்றாள். வகுப்பு முடிந்ததும் மூவரில் ஒருவன் வந்து, "டீச்சர், நாளைக்கும் நாங்க வெளிய போகணுமா?" என்று கேட்டான். சுருக்கென்றது. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுப் பாடத்தையும் மறுபடி சொல்லிக்கொடுத்தேன்.

இணைப்பு மூன்றா? எங்கள் சாப்பாட்டு மேஜை ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கைக்குக் கிடைத்த தாளை மடித்துக் காலுக்கு அடியில் செருகிவிட்டார். அது அதுதான் என்று நினைக்கிறேன். "மேஜை இப்பத்தான் ஆடாம நிக்குது, அத எடுக்காத" என்கிறார். நீ இருக்கும்போது எனக்கு எதற்கடி இணைப்பு?

உன்
தவளை

செப்டம்பர் 3

தவளை,

முதல் மதிப்பீட்டில் தேறிவிட்டாய். இந்த வருடம் முடியும்வரை எனக்கு எழுதாதே. எழுதியே தீர வேண்டும் என்றால் மழையைப் பற்றி எழுது, மகளின் சளியைப் பற்றி எழுது. வகுப்பைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று விடுதிக் காப்பாளர் உன்னைப் பார்த்துச் சொல்வாரே, அதை நினைத்துக்கொள். காரணம் கேட்காதே. இதைக் கிழித்துப் போடு.

பதில் எழுதாதே.

கொக்கு

செப்டம்பர் 10

கொக்கு,

வீட்டு முகவரிக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் அனுப்புகிற அளவுக்குப் பணக்காரியாகிவிட்டாயா? பை சும்மாதானே போய்வருகிறது. பிரித்துப் பார்த்தால், எனக்கு எழுதாதே, கிழித்துப் போடு என்று எழுதியிருக்கிறாய். நான் என்ன செய்தேன்? நீ பயிற்சி வகுப்பில் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றபோது, முதல் வரிசையில் உட்கார்ந்து தெரியாத மாதிரி கேள்வி கேட்டு உன்னைப் பேசவைத்தது யார்? இப்போது பெரிய மனுஷி ஆகிவிட்டாய். அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமில்லை.

உன்னிடம் சொல்லாமல் நான் யாரிடம் சொல்வேன்? மதியம் கடைசி வகுப்பில் தொண்டை கட்டிப்போகிறது. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நேற்று நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். பரீட்சைத் தாள் மலையாகக் குவிந்து, மதிப்பெண்ணை என் மகள்தான் கூட்டிப் போட்டாள். கணக்கில் என்னைவிடப் புலி!

இன்னொன்று. தலைமையாசிரியை நடைபாதையில் என்னை நிறுத்தி, "என்ன டீச்சர், நூலகத்துல புத்தகமெல்லாம் அடுக்கியாச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். அது அவருக்கு எப்படித் தெரியும்? நூலகர் சொல்லியிருப்பாரோ? அவரைக் கேட்டால், "நான் ஏன் சொல்லப் போறேன்?" என்கிறார். அன்றிலிருந்து அந்த நடைபாதையில் போகவே கால் தயங்குகிறது. நீ பக்கத்தில் இருப்பதாக நினைத்துத்தான் தைரியமாக இருக்கிறேன். ஒரு வரியாவது எழுது.

தவளை

நவம்பர் 28

ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை அவர்களுக்கு,

பொருள்: இரண்டாம் மதிப்பீட்டின் முடிவு.

ஒப்பந்தத்தின் இணைப்பு மூன்றின்படி, தபால் பை வழியாக வந்த தங்கள் கடிதங்களின் நகல்கள் மதிப்பீட்டுக் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. மதிப்பீட்டு நாளில் மூன்று மாணவரை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியதையும், வகுப்பு நேரத்தில் உறங்கியதையும், விடைத்தாள் மதிப்பெண்களைத் தங்கள் மகளைக் கொண்டு கூட்டியதையும் தாங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளீர்கள்.

செப்டம்பர் 10ஆம் தேதிக் கடிதத்தில், நான் தங்களுக்குத் தனியாகக் கடிதம் அனுப்பியதாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். அப்படி எந்தக் கடிதமும் என்னால் அனுப்பப்படவில்லை. இது உண்மைக்குப் புறம்பான கூற்று எனப் பதிவு செய்யப்படுகிறது.

தாங்கள் தேர்ச்சி பெறவில்லை. மேல்முறையீடு செய்ய விரும்பினால், தக்க சான்றுடன் ஒரு வாரத்துக்குள் அனுப்பலாம்.

மதிப்பீட்டாளர்

டிசம்பர் 2

கொக்கு,

மேஜை மறுபடி ஆடுகிறது. அதனால்தான் எழுத்துக் கோணலாக இருக்கிறது. இணைப்பு மூன்றை எடுத்துப் படித்துவிட்டேன். பையில் போகும் ஒவ்வொரு கடிதத்தையும் அலுவலகத்தில் பிரித்து நகல் எடுப்பார்கள் என்று தெளிவாகத்தான் போட்டிருக்கிறது. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். திட்டவில்லை. "நம்ம மேஜைக்குக் கீழதான இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். மகள் சீருடையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

அந்த மூன்று பிள்ளைகளை வெளியே அனுப்பியது தப்பு. அதற்காக நீ என்னைத் தோற்கடித்திருந்தால் தலைகுனிந்து போயிருப்பேன். தூங்கியதும் தப்புதான். நான் என் வாயால்தான் கெட்டேன். உன்மேல் எனக்குள்ள கோபம் அதற்கில்லை. 'பிரித்துப் படிக்கிறார்கள்' என்று ஒரே ஒரு வரி, வீட்டுக்கு அனுப்பிய அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கலாமே கொக்கு. பயந்துகொண்டே பாதி சொன்னாய். நான் முட்டாள், உன் கடிதத்தைப் பற்றிப் பையிலேயே எழுதி உன்னை மாட்டிவிட்டேன். உன்னை அழைத்து எப்படியெல்லாம் கேட்டிருப்பார்கள்! அப்பாவின் முகம் உனக்கு முன்னால் வந்திருக்கும். அதுவும் புரிகிறது.

ஆனால் என்னைப் பொய்க்காரி என்று எழுதிவிட்டாய். இந்த வருடம் நீ எனக்குச் செய்த ஒரே நல்லது அந்தக் கடிதம். அதையே செய்யவில்லை என்றுவிட்டாய்.

நான் அதைக் கிழிக்கவில்லை. உன் கையெழுத்து இருக்கும் எதையும் நான் கிழித்ததில்லை.

இணைப்பின் கடைசிப் பக்கத்தையும் படித்தேன். மதிப்பிடுகிறவர் பைக்கு வெளியே கடிதம் எழுதியிருந்தால் அந்த மதிப்பீடு செல்லாது. எழுதியவருக்கு வேலையும் கிடையாது. நீ எனக்கு முன்பே படித்திருப்பாய். மூன்று நாளாக உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் உன் அப்பா, ஒரு பக்கம் கொடியில் தொங்கும் சீருடை. மேல்முறையீட்டை எழுதி முடித்துவிட்டேன். அதோடு உன் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமைப் பையில் போகும்.

அதற்கு முன்னால் உனக்குத் தெரியட்டும் என்றுதான் இதற்குத் தபால்தலை ஒட்டி வீட்டுக்கு அனுப்புகிறேன். நீ எனக்குச் செய்ததைப் போல. அப்பாவுக்கு மருந்து வாங்கி வைத்துக்கொள். படித்ததும் கிழித்துப் போடு.

பதில் எழுதாதே.

தவளை