ஓடுகிற திகதியும் நிற்கிற திகதியும்

நேற்று மாலை உன் பங்கைப் பேசி முடித்தோம், மச்சான். கடையின் பின்னறையில் உன் கொம்பியூட்டருக்கு முன்னால் மூன்று பேர் இருந்தோம்: நான், உன் மனைவி, வத்தளையிலிருந்து வந்த உன் மைத்துனர். முதலில் உன் கதிரையில் யாரும் உட்காரவில்லை. இடம் போதாமல் நான் சீனி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்; நீ இருந்திருந்தால் அதற்கும் ஒரு கதை சொல்லியிருப்பாய்.

இன்று காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் என் போன் கிணுங்கியது. உன் அறிக்கை. கடந்த ஏழு நாளில் என்ன விற்றது, என்ன தேங்கியது என்று பார்த்துத் தானாகவே அனுப்பும்படி நீ செய்து வைத்த அறிக்கை. நீ அதற்கு வைத்த தலைப்பு: “மச்சான், எழும்பு.” முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் நடந்துவிட்டது. உன் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டு, இரண்டாம் முறை பாயாசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். எல்லாம் முடிந்த பிறகும் நீ என்னை ஏழு மணிக்கு எழுப்பிக்கொண்டிருக்கிறாய். செத்தவனிடமிருந்து இப்படித் தினமும் தகவல் வருவது மதுரங்குளியில் எனக்கு ஒருவனுக்குத்தான்.

நேற்றைய பேச்சைச் சொல்கிறேன். உன் மைத்துனர் கேட்டது நியாயமான கேள்விதான். பாதிப் பங்கைப் பிரித்துக் கையில் கொடுங்கள், அக்காவை வத்தளைக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். கொடுக்கலாம். ஆனால் கொடுப்பதானால் பின்னால் இருக்கும் களஞ்சியத்தையும் லொறியையும் விற்க வேண்டும். அவை இரண்டும் போனால் நமது மொத்த வியாபாரம் போனது மாதிரி. முந்தல் கடைகளுக்கும் கண்டக்குழிக்கும் யார் சாமான் போடுவது? சந்தியில் நிற்கும் பத்துக் கடையில் பதினோராவது கடையாக நான் தீப்பெட்டி விற்றுக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவிக்கு என்ன விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. அவள் பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசல் நிலையோடு சாய்ந்து நின்றாள்.

இந்தக் கடை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் கண்டக்குழியிலிருந்து சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு வந்து விற்றவன். படிப்பு, சாக்கு மூட்டையில் இருக்கும் எழுத்தை வாசிக்கிற அளவுக்கு. நீ யுத்தத்தில் வடக்கிலிருந்து குடும்பத்தோடு வந்து, அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதினாய். ஒரு நாள் நான் புதிதாகப் போட்ட பெட்டிக்கடைக்குச் சீனி வாங்க வந்தாய். சீனியை மறந்துவிட்டுக் கதைத்துக்கொண்டு நின்றாய். அடுத்த நாளும் வந்தாய். நீ அந்தச் சீனியை வாங்கி முடிப்பதற்குள் நாங்கள் பங்காளிகளாகிவிட்டோம்.

நல்ல மனமிருந்தால் என்னை “மச்சான்” என்பாய். கோபம் வந்தால் மட்டும் எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி “நானா” என்று மரியாதை தருவாய். அந்த மரியாதைக்கு நான் பட்ட பயம் வேறு எதற்கும் படவில்லை.

கணக்கு மென்பொருளைக் கொழும்பு ஆட்கள் பொருத்திவிட்டுப் போன அன்று, நீ அதன் முன்னால் உட்கார்ந்து மத்தியானச் சோற்றையே மறந்துவிட்டாய். பிறகு என்னைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினாய்.

“இதில ரெண்டு விதத் திகதி இருக்கு. ஒண்டு ஓடுற திகதி, மற்றது நிக்கிற திகதி.”

“திகதி எப்படிடா ஓடும்? அதுக்குக் கால் இரிக்கா?”

“உன்னோட சேர்ந்து ஓடும். ‘கடைசி ஏழு நாள்’ எண்டு போட்டா, நீ பார்க்கிற நாளில இருந்து பின்னுக்கு ஏழு நாள். நாளைக்குப் பார்த்தா அந்த ஏழு நாளும் ஒரு நாள் தள்ளி நிக்கும். முதல் நாள் இது, கடைசி நாள் இது எண்டு நீயே திகதியைக் குறிச்சா, அது நிக்கிற திகதி. நீ மக்காவுக்குப் போய் வந்து பார்த்தாலும் அசையாது.”

“இதில எது மச்சான் நல்லது?”

“கடை எப்படிப் போகுது எண்டு பார்க்க ஓடுறது. ஆரோடையும் சண்டை பிடிக்க நிக்கிறது.”

எனக்கு விளங்கிவிட்டது என்று தலையாட்டினேன். கடையில் நான் தலையாட்டினால் அதற்கு விலை குறைக்க மாட்டேன் என்று அர்த்தம். கொம்பியூட்டருக்கு முன்னால் தலையாட்டினால் வேறு அர்த்தம். நீ அதைக் கவனித்திருக்க வேண்டும்.

உன் மூளையும் ஒரு முறை வழுக்கியது. நீ பண்டிகைகளுக்கெல்லாம் நிற்கிற திகதி போட்டு வைத்தாய். பொங்கலுக்கு ஒன்று, சித்திரைப் புத்தாண்டுக்கு ஒன்று, டிசம்பரில் நத்தாருக்கு ஒன்று. ஒவ்வொரு பண்டிகைக்கும் இரண்டு வாரத்துக்கு முன்னால், போன வருடம் என்ன விற்றது, இப்போது எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அறிக்கை வரும். நெய்யும் பயறும் வரும், அரிசிமாவும் தேங்காயெண்ணெயும் வரும், எல்லாம் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கும். அதே மாதிரி நோன்புக்கும் போன வருடத்துத் திகதியையே போட்டு நிறுத்தி வைத்துவிட்டாய். எங்கள் பிறை உன் கட்டத்துக்குள் நிற்குமா? ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வந்துவிடும்.

உன்னைச் சொல்லி என்ன? நீ கோயிலுக்குப் போகிற சைவக்காரன். நான் மீசை முளைக்கும் முன்பிருந்து நோன்பு பிடிக்கிறவன். முந்தலிலிருந்து கடைக்காரர்கள் வந்து “ஹாஜியார், பேரீச்சம்பழம் இன்னும் வரல்லியா?” என்று கேட்டபோது நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “கொம்பியூட்டர் இன்னும் சொல்லல்ல” என்றேன். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு விறகு இறங்கிவிட்டது. நான் கொம்பியூட்டர் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

நோன்பில் முதல் பத்தும் கழிந்த பிறகு, லொறி நிறையப் பேரீச்சம்பழமும் கடல்பாசியும் வந்து இறங்கின. அதற்குள் ஊர் முழுக்க வேறு கடையில் வாங்கிவிட்டது. பள்ளிவாசலுக்கோ இலவசமாகவே பெட்டி பெட்டியாக வந்துவிட்டது. களஞ்சியத்தில் நிற்க இடமில்லை. நீ பேரீச்சம்பழப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்தாய்.

“நானா,” என்றாய்.

“நானா எண்டு சொல்லாதே.”

“நானா, நோன்பு உங்களுடையது. பிறை உங்களுடையது. வாய் உங்களுடையது. ஒரு சொல்லுச் சொல்லேலாதோ?”

“நீதானே கொம்பியூட்டர் எல்லாம் பார்த்துக்கொள்ளும் எண்டாய்?”

“அது வானத்தைப் பார்க்கும் எண்டு எப்ப சொன்னனான்?”

பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வேறு என்ன செய்ய? தலவில தேவாலயத் திருவிழாவுக்குப் போகிற சனத்துக்குச் சின்னச் சின்னப் பொதியாகக் கட்டிப் பாதியைத் தள்ளினோம். மிச்சத்தை நீயே தின்றாய். அதற்குப் பிறகு, நோன்புக்கு இரண்டு வாரம் முந்தி வரும் பராத் இரவு வந்தவுடன் உனக்கு நினைவூட்டுவது என் வேலையானது. நான் சொன்னால், நீ ஒவ்வொரு வருடமும் கையால் திகதியை மாற்றுவாய். மாற்றும்போது “உங்கட சந்திரனுக்குச் சம்பளம் குடுத்தாவது ஒரு இடத்தில நிப்பாட்டுங்கோடா” என்று முணுமுணுப்பாய்.

இனி இந்த மாதக் கதை. பங்குக்கு விலை போட, கடைசி மூன்று மாத இலாபம் என்னவென்று உன் மைத்துனர் கேட்டார். நான் திங்கட்கிழமை பட்டனை அமுக்கி, வந்த தொகையைச் சொன்னேன். புதன்கிழமை அவர் போனில் கேட்டபோது மறுபடி அமுக்கிச் சொன்னேன். குறைந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நேரிலேயே வந்தார். அமுக்கினேன். இன்னும் குறைந்திருந்தது.

“என்ன நானா, நாளுக்கு நாள் இறங்குது? அடுத்த கிழமை வந்தா, அத்தான் உங்களுக்குக் கடன்காரன் எண்டு சொல்லுவீங்களோ?”

“கடல் கொந்தளிப்பு, தம்பி. கண்டக்குழியில தோணி இறங்கல்ல. மீன் இல்லாட்டி சனத்துக்கிட்ட காசு இல்ல.”

“கடல் கொந்தளிச்சா இந்தக் கிழமை வியாபாரம் குறையும். நடந்து முடிஞ்ச மூண்டு மாத வியாபாரம் எப்பிடிக் குறையும்? வித்த சாமான் திரும்பி நடந்து வந்ததோ?”

அவரும் வியாபாரிதான், வத்தளையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். இத்தனை வருடத்தில் நிறுவையில் ஒரு பிழை என்று என்னை யாரும் சொன்னதில்லை. செத்த பங்காளியின் பெண்சாதியை ஏமாற்றுகிறான் என்ற பேர் அன்று என் தலைக்கு மேலே வந்து நின்றது. அவர் கேட்டை அடித்துச் சாத்திய சத்தம் பின்னறை வரை கேட்டது.

சனிக்கிழமை முந்தல் கடைக்காரர் ஒருவருக்கு அரிசிமாவு நிறுத்துக்கொண்டிருந்தேன். “புத்தாண்டுக்கு எத்தனை மூட்டை எடுத்தேன் ஹாஜியார், இப்ப ஒரு மூட்டை போதும்” என்றார். கையில் இருந்த மாவு அகப்பை அப்படியே நின்றது. புத்தாண்டு! சித்திரைக்கு முந்திய அந்தப் பெரிய வியாபார நாட்கள்தான், ஒவ்வொன்றாக, மூன்று மாதத்தின் வால் பக்கத்தால் விழுந்துகொண்டிருக்கின்றன. தலைப்பக்கத்தில் இந்தக் காற்றுக் காலத்து ஈ ஓட்டுகிற நாட்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. நான் ஓடுகிற திகதியை வைத்துக்கொண்டு சண்டை பிடித்திருக்கிறேன்! நீ இருந்திருந்தால் “நானா” என்று எட்டுத் தடவை சொல்லியிருப்பாய்.

நேற்று மைத்துனரை வரச் சொல்லி, இதைத் திரையில் காட்டினேன். கையால் திகதியை மாற்றி மாற்றித் திங்கட்கிழமைத் தொகையையும் புதன்கிழமைத் தொகையையும் வெள்ளிக்கிழமைத் தொகையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மனிதர் மோசமில்லை; “மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா, நான் ஒண்டு நினைச்சிட்டன்” என்றார்.

“நானும் அதையேதான் நினைச்சிருப்பன், தம்பி” என்றேன்.

“அப்ப நிக்கிற திகதியாப் போட்டு முடிப்பம். அத்தான் செத்த நாள் வரைக்கும். அதுதானே முறை.”

முறைதான். தொடக்கத் திகதியைப் போட்டேன். முடிவுத் திகதி என்ற கட்டத்தை அமுக்கினால் சின்ன நாட்காட்டி விரிகிறது. அதில் உன் நாள், மற்ற நாட்களைப் போலவே ஒரு சதுரமாக இருக்கிறது. மவுஸில் கை இருந்தது. அமுக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைக்க நானும் கழற்றினேன். அதில் தூசி ஒன்றும் இருக்கவில்லை.

வாசலில் நின்ற தங்கச்சி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“நானா, அவர் போன அண்டைக்குக் கடையைப் பூட்டினனீங்களோ?”

“செத்தவீட்டுக்கு ரெண்டு நாள் பூட்டினோம், தங்கச்சி. மூணாம் நாள் திறந்துட்டோம்.”

“அப்ப கணக்கை மட்டும் ஏன் அண்டையோட பூட்டுறீங்கள்?”

மைத்துனர் திரும்பிப் பார்த்தார். “அக்கா, நான் உங்கட நன்மைக்குத்தானே…”

“எனக்கு வத்தளையில என்ன வேலையடா? உன்ர மேல்மாடியில இருந்து டிவி பார்க்கிறதோ? அதை ஆரும் வாடகைக்கு எடுக்கினமில்லை எண்டு போன கிழமை நீதானே சொன்னனி?”

அவர் கீழே பார்த்தார். நான் மேலே பார்த்தேன். சிரிக்கக்கூடாத நேரத்தில் சிரிப்பு வருவது உன்னிடமிருந்து பிடித்த வியாதி.

“எனக்குக் காசு வேண்டாம். பங்கு வேணும். அவர் இருந்த இடத்தில நான் இருக்கிறன். கொம்பியூட்டர் எனக்குத் தெரியும்; கைநடுக்கம் வந்த பிறகு அவர் வாயால சொல்ல, நான்தான் வீட்டில இருந்து தட்டினனான். ‘மச்சான், எழும்பு’ எண்டு போட்டதும் நான்தான்.”

தினமும் காலையில் என்னை மச்சான் என்று எழுப்பியது தங்கச்சியா என்று ஒரு நிமிடம் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வியாபாரி வெட்கத்தோடு விலை பேசக்கூடாது. இலாபத்தில் அவளுக்கு நாற்பது வீதம் என்று தொடங்கினேன். ஐம்பதில் தொடங்கினால் அறுபதில் முடியும் என்பது உனக்குத் தெரியாததா?

“ஏன் நாற்பது?”

“லொறியில மூட்டை ஏத்தி இறக்குற பாடு இரிக்கே, தங்கச்சி. அது என் தலையிலதானே?”

“அவர் எந்த லொறியில மூட்டை ஏத்தினவர்?”

நீ ஒரு பயற்றுப் பொதியைக்கூடத் தூக்கியதில்லை. முப்பது வருடமாகப் பாதியை வாங்கிக்கொண்டு கதிரையில் இருந்தாய். மைத்துனரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உன்னோடு பேரம் பேசியது எனக்குப் பாலர் வகுப்பு, மச்சான். உன் வீட்டில் இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்னோடு நீ பேச வந்தாயே, அதை நினைத்தால்தான் கோபம் வருகிறது.

அவள் உன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மைத்துனர் சாட்சி. வெறும் பிளேன்டீயோடு பேசி முடித்தது இதுதான்: களஞ்சியமும் லொறியும் விற்பதில்லை. இலாபத்தில் அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. காலையில் கடைக்கு வந்து கணக்குப் பார்ப்பதற்குத் தனிச் சம்பளம். ஒவ்வொரு மாதமும் முதல் நாள், முடிந்த முழு மாதத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் எத்தனை தரம் அமுக்கினாலும் அந்தத் தொகை அசையக்கூடாது. பங்குக்குத் தொடக்கத் திகதி நீயும் நானும் கடை திறந்த நாள். முடிவுத் திகதிக் கட்டத்தில் ஒன்றும் போடுவதில்லை.