நீ இரண்டு இடத்தில் எழுதிவைத்த மகள்

என் பிரியமான அம்மாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் மனசுக்குள்ளேயே உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். இப்போது நடந்திருப்பது அப்படிப் பேசித் தீர்க்கிற காரியமாக இல்லை. எழுதினாலாவது எனக்கு விளங்குமா என்று பார்க்கிறேன்.

ஆறாம் படிவம் முடித்துவிட்டேன் அம்மா. தேர்ச்சியும் நன்றாகவே வந்தது. கல்லூரிக்கு மனுப் போட வேண்டிய நேரத்தில், பள்ளியின் ஆலோசனை ஆசிரியை என் பிறப்புப் பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அப்பா, இந்தியர். அம்மா, செமாய். “உங்கம்மா ஓராங் அஸ்லியா? பூர்வகுடிப் பிள்ளைங்களுக்குத் தனியா உதவிச்சம்பளம் இருக்கே, நீ ஏன் போடல?” என்று மலாயில் கேட்டார்.

என்ன சொல்வது? நீ செமாய் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் நான் யார்? தமிழ்ப்பள்ளியில் படித்தேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். அதே பத்திரத்தில் என் இனம் என்ற கட்டத்தில் ‘இந்தியர்’ என்று இருந்தது. தகவல் தந்தவர் என்ற இடத்தில் கோணல்மாணலாக உன் கையெழுத்து.

மனுப் பாரத்தில் மூன்று விஷயம் கேட்டிருந்தார்கள். எந்தக் கிராமம், என்ன மொழி பேசுவாய், கிராமத் தலைவர் பாத்தினின் உறுதிக் கடிதம். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அப்பாவிடம் காட்டினேன். லாரி சாவியை மேசையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். “போயிக் கேட்டுப் பாப்போம்லா. கேட்டா என்னா வந்துரப் போவுது?” என்றார். பக்கத்தில் இருந்த அத்தைதான் சீறினாள். “எதுக்குடா இப்ப அந்தக் கதையெல்லாம்? நாளைக்கு இவளப் பொண்ணு கேட்டு வர்றவங்க என்னா நெனப்பாங்க?”

நீ எப்போதும் ஒன்றையே சொல்வாய், ஞாபகமிருக்கிறதா? “ஒரு தமிழனக் கட்டிக்கிட்டேன்னு எங்காளுங்க என்னைய வேணான்னுட்டாங்க. அங்க நமக்கு யாருமில்ல.” அதை நம்பித்தான் உன் சாவுக்கு யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. டிங்கிக் காய்ச்சல் உன்னை ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது. அப்பாவுக்கும் எனக்கும் அப்போது வேறு எதுவும் தோன்றவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அப்பா கூட்டாளியின் ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்தார். சுங்கை சிப்புட் தாண்டி, செம்பனைத் தோட்டங்களெல்லாம் முடிந்து, செம்மண் பாதை மலைமேல் ஏறியது. மரலாரி ஓட்டிய காலத்தில் அப்பாவுக்குப் பழகிய பாதை. ஒரு வளைவில் வண்டியை மெதுவாக்கி, “இங்கதான் ஒங்கம்மா காட்டுல பறிச்ச பெத்தாய்க் காய வித்துக்கிட்டு நிக்கும்” என்றார். 

கிராமத்தில் இறங்கியதும் ஒருவர் ஓடிவந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உன் தம்பி என்று. அதே நெற்றி, சிரிப்பில் அதே சாய்வு. அவர் எங்களைப் பார்க்கவில்லை அம்மா. எங்களைத் தாண்டி ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“அக்கா எங்க? ரெண்டு பழ சீசனா வரவேயில்லையே. எங்க மேல கோவமா?”

மலாயில்தான் கேட்டார். அப்பாவுக்குப் புரியவில்லை. மலாய் தெரியாததால் இல்லை. கேள்வியே புரியவில்லை. ‘வரவில்லையே’ என்றால், அதற்கு முன்னால் வந்துகொண்டிருந்தாளா? அப்பா அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா இப்போது இல்லை என்று. எப்போது என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். மாமா வீட்டுக்குள் போனார். பிறகு உள்ளேயிருந்து பெண்களின் அழுகை கேட்டது. என் கையில் உதவிச்சம்பளக் கோப்பு இருந்தது. அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஏன் அம்மா? ஒவ்வொரு டுரியான் சீசனுக்கும் ஆயர் தாவாரில் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று மூன்று நாள் போவாயே, அதெல்லாம் இங்கேதானா? வரும்போது கோணியில் பழம் கொண்டுவருவாய். ஆயர் தாவார் டுரியான் போல வராது என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்! இங்கே வந்து நீ என்ன சொன்னாய் என்றும் மாமா சொன்னார். மகளுக்குப் பரீட்சை, அடுத்த வருஷம் கட்டாயம் கூட்டி வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் அதே பரீட்சை. எங்களிடம் ‘அவர்களுக்கு நாம் வேண்டாம்’ என்றாய். அவர்களிடம் ‘எங்களுக்கு நேரமில்லை’ என்றாய். இரண்டு பக்கமும் உன்னை நம்பினோம்.

அழுது ஓய்ந்த பிறகு மாமாவே கேட்டார், எதற்கு வந்தீர்கள் என்று. வெட்கத்தோடு கோப்பை எடுத்தேன். பாத்தினை அழைத்து வந்தார்கள். வயதானவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். காற்பந்துச் சட்டை போட்ட, நாற்பது வயதுகூட ஆகாத மனிதர். பாரத்தை முழுவதும் படித்தார்.

“நம்ம பாஷை தெரியுமா?”

“ஒரே ஒரு வார்த்தை. தேவ்.” காய்ச்சலில் கிடந்தால் நீ தண்ணீரை அப்படிச் சொல்லித்தான் புகட்டுவாய். யாரோ சிரித்தார்கள். உள்ளே அழுத பெண்களில் ஒருத்தியான உன் தங்கை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாத்தின் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய கணக்குப் புத்தகம் கொண்டுவந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து கிராமத்தில் பிறந்தவர்கள் பெயரை எழுதி வருகிறார்களாம். விரல் வைத்துத் தேடி என் பக்கம் திருப்பினார். கோமதி. பக்கத்தில் உங்கள் பாஷையில் இன்னொரு பெயர். மூன்று மாதக் குழந்தையாக என்னைத் தூக்கி வந்து நீயே எழுதச் சொன்னாயாம். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை அம்மா. அதைச் சரியாகச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இந்தியர் என்று கையெழுத்துப் போட்டதும் நீ. இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்து நின்றதும் நீ. எதை நான் நம்புவது?

அப்போதுதான் மாமாவின் மகள் நோரிதா பேசினாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். அவளும் அதே உதவிச்சம்பளத்துக்கு மனுப் போடுகிறாள். அந்தக் கிராமத்திலிருந்து முதல் மனு.

“ஸ்கூல்ல ஒன்னைய அஸ்லின்னு யாராவது கேலி பண்ணியிருக்காங்களா?”

“இல்ல.”

“என்னைய பதினோரு வருஷம் பண்ணாங்க. நீ பாரம் போடுற அன்னிக்கு மட்டும் அஸ்லியா வர்ற.”

மாமா அவளை அதட்டினார். எனக்கோ கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? ஆனால் என் பெயர் அந்தப் புத்தகத்தில் இருப்பதும் பொய் இல்லையே. எழுந்து போய்விடலாமா என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் கிராமத்தை ஒட்டி ஓடும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாத்தின் கடிதம் எழுதிக் கொடுத்தார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார். இவள் எங்கள் பெண்ணின் மகள், எங்கள் புத்தகத்தில் இருக்கிறாள், பட்டணத்தில் வளர்ந்தாள், எங்கள் மொழி பேசமாட்டாள். “உள்ளத எழுதியிருக்கேன். இதுக்கு மேல அவங்க பாத்துக்கட்டும்” என்றார்.

திரும்பி வரும்போது அதே வளைவில் அப்பா வண்டியை மெதுவாக்கினார். பிறகு சொன்னார், “என்கிட்டக்கூட சொல்லலியே. ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?” கொஞ்ச தூரம் போனதும், “எங்கக்கா பேசின பேச்சு அப்பிடி. காட்டுக்காரி, காட்டுக்காரின்னு. நானும் வாய மூடிக்கிட்டுத்தான இருந்தேன்” என்றார். அதற்காகத்தானா அம்மா? உன் ஊர்க்காரர்கள் காதில் அந்தச் சொல் விழக்கூடாது என்றா? இல்லை, அந்த மூன்று நாளாவது எங்களில் யாரும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றா? அப்படி நினைக்கும்போது மட்டும் எனக்கு வலிக்கிறது.

மனுவைப் போட்டேன். நம் ஊர் ஈப்போவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நல்ல அம்மாள் ஒருவர், கடிதத்தைப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “உன்னை நீ ஓராங் அஸ்லி என்று நினைக்கிறாயா?” ஆமாம் என்று சொல்லத்தான் ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். “தெரியல புவான்” என்று வாயில் வந்துவிட்டது. அவர் பேனாவை மூடிவைத்தார்.

எனக்குக் கிடைக்கவில்லை. நோரிதாவுக்குக் கிடைத்தது. அவளுக்கு ஈப்போவிலேயே தாதியர் கல்லூரி. எனக்கும் இங்கேயே பாலிடெக்னிக்கில் இடம் வந்திருக்கிறது, சாதாரண மனுவில். வருத்தமா என்று அப்பா கேட்டார். அதுவும் தெரியவில்லை. ஏதோ கனம் இறங்கியதுபோலவும் இருந்தது, எதையோ நானே விட்டுக்கொடுத்துவிட்டதுபோலவும் இருந்தது.

போன வாரம் புது எண்ணிலிருந்து நோரிதா கூப்பிட்டாள். கல்லூரி விடுதியில் நிரப்பக் கொடுத்த தாளாம்.

“அவசரத்துக்குக் கூப்பிட, பக்கத்துல இருக்கிற சொந்தக்காரர் பேர் கேக்குறாங்க. ஒன் பேர எழுதிட்டேன். பரவால்லையா?”

“பரவால்ல.”

“என்ன உறவுன்னும் எழுதணும்.”

மாமன் மகள் என்றால் நம் வழக்கத்தில் மச்சினிச்சி முறை. அவர்கள் பக்கத்தில் மாமா பிள்ளைகளும் கூடப் பிறந்தவர்கள்தானாம், அவளே சொன்னாள். 

“அக்கான்னு போடு” என்றேன். அவள் எழுதும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்குக் கூட்டி வரப்போகிறேன். அத்தையும் இருப்பாள். இருக்கட்டும். நோரிதா யார் என்று அத்தையிடம் நான் சொல்வேன், உன் ஊரைப் பெயர் சொல்லிச் சொல்வேன். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் இந்த முறை அப்பாவும் நானும் பேசாமல் இருக்கமாட்டோம். நான் யார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை அம்மா. ஆனால் நீ யாருடைய மகள், யாருடைய அக்கா என்பதை இனி யாரிடமும் மறைக்கமாட்டேன். இது சத்தியம்.

உன் வயிற்றில் பிறந்தவள்,
நோரிதாவின் அக்கா,
கோமதி